அவசரத்தின் விலை: விமான டிக்கெட்டின் கட்டண எழுத்துகளும் மங்கலம்பேட்டைப் பயணிகளும்

கேள்வி

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. உளுந்தூர்ப்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். மறுபக்கம் 200 கிலோமீட்டர் போனால் சென்னை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போகிறவருக்கு இது ஒன்றும் ஒதுக்குப்புறமான ஊரல்ல. எஸ். இருதயராஜன் உள்ளிட்டோர் 2015இல் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவரின் எண்ணிக்கையைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகியவை அதில் முன்வரிசையில் இருந்தன.

இப்படிப் போகிறவர் கையில் டிக்கெட்டின் அச்சுப்படி ஒன்று இருக்கும். தேதி, நேரம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், எத்தனை கிலோ பெட்டி என்று நாலைந்து இடங்களைச் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வார். விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று நிற்கும். கொஞ்சம் தள்ளி, எழுத்தும் எண்ணும் கலந்த சரம் ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. டிக்கெட்டின் விலை, தேதியை மாற்ற முடியுமா, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதெல்லாம் அந்த இரண்டு குறிகளில்தான் தொங்குகின்றன.

இந்த எழுத்துகள் பயணிகளை எந்த அளவுகோலால் பிரிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முந்திக்கொண்டவருக்கு மலிவு, பிந்தியவருக்கு விலை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கி வசதியில்லாதவருக்குக் குறைத்துத் தருகிறார்கள் என்பது பொருளியலாரின் விடை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த முறை யாரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதோ, அவரல்லர் திருச்சியில் விமானம் ஏறுகிறவர். ஒருவரின் அவசரத்தை அவருடைய வசதி என்று இந்த முறை தப்பாக வாசிக்கிறது. அதன் சுமை யார்மேல் விழுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

டிக்கெட்டில் அச்சாகும் இரண்டு குறிகள்

முதலாவது, முன்பதிவு எழுத்து. விமான நிறுவனம் தன் இருக்கைகளை எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதை அது சொல்லும். 'எஃப்' முதல் வகுப்பு, 'ஜே'யும் 'சி'யும் பிசினஸ் வகுப்பு, 'ஒய்' முழுக்கட்டண எகானமி. இவை மட்டுமே ஏறத்தாழ எல்லா நிறுவனங்களுக்கும் பொது. மற்ற எழுத்துகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 'எஸ்' என்றால் பிரீமியம் எகானமி. ஏர் இந்தியாவில் அதே 'எஸ்' சாதாரண எகானமியின் கீழ்ப்படிகளில் ஒன்று. ஒரு நிறுவனத்தின் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு இன்னொன்றின் டிக்கெட்டைப் படித்தால் தவறாகத்தான் முடியும். இணையத்தில் சுற்றிவரும் 'எந்த எழுத்துக்கு என்ன பொருள்' பட்டியல்களில் பாதிக்குமேல் இதனாலேயே பயனற்றவை.

இரண்டாவது, அந்த எழுத்தும் எண்ணும் கலந்த சரம். கட்டணம் எந்த விதிகளின்கீழ் விற்கப்பட்டது என்பதன் சுருக்கெழுத்து அது. மாதிரிக்கு ஒன்றை நாமே அமைத்துப் பார்க்கலாம்: 'கே எல் எக்ஸ் 3 எம் ஆர் டி'. முதலெழுத்தான 'கே' பெரும்பாலும் முன்பதிவு எழுத்தேதான். 'எல்' என்றால் கூட்டமில்லாப் பருவம். கூட்டமுள்ள பருவத்துக்கு 'எச்' வரும். 'எக்ஸ்' வாரநாள், வார இறுதிக்கு 'டபிள்யூ'. '3 எம்' என்றால் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். 'ஆர் டி' போய்வரும் டிக்கெட். இந்த வாசிப்பும் வழக்கம்தான், சட்டமில்லை. முதலெழுத்துக்குப் பிறகு வருவதை நிறுவனங்கள் தத்தம் போக்கில் நிரப்புகின்றன.

உண்மையான விதி வேறோர் இடத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களை அமெரிக்காவில் இயங்கும் அட்ப்கோ என்ற பொதுப் பதிப்பகத்தில் பதிகின்றன. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எண்ணிட்ட பிரிவுகளில் நிபந்தனைகள் இருக்கும்: ஐந்தாம் பிரிவில் எத்தனை நாள் முன்பே வாங்க வேண்டும் என்பது, ஆறில் குறைந்தபட்சத் தங்கல், ஏழில் அதிகபட்சத் தங்கல், பதினாறில் அபராதம். ட்ராவல்ஸ் கடைக்காரர் அமேடியஸ் என்ற முன்பதிவு மென்பொருளின் திரையில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு 'எஃப்கியூஎன்' என்று அடித்தால், இந்தப் பிரிவுகள் பெரிய ஆங்கில எழுத்தில், நிறுத்தற்குறி இல்லாத தந்தி நடையில் பக்கம் பக்கமாக ஓடும். பயணிக்கு வேண்டியது பெரும்பாலும் பதினாறாம் பிரிவில் இருக்கும் பத்து வரி. தேதி மாற்ற எவ்வளவு, புறப்படுமுன் ரத்து செய்தால் எவ்வளவு, வராமலே போனால் எவ்வளவு என்பவை அங்கேதான் உள்ளன. அந்தப் பத்து வரியை அச்சடித்து டிக்கெட்டோடு தைத்துத் தரும் கடை அரிது. "நான்-ரீஃபண்டபிள் பாய், மாத்த முடியாது" என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியமும் முழு உண்மையல்ல. 2016 ஆகஸ்டு முதல் நடப்பிலுள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் செய்யாதபோது அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும். ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. கேட்டால் கிடைக்கும் பணம் இது.

2008 ஜூன் முதல் தேதியோடு விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா காகித டிக்கெட்டுகளை நிறுத்தியது. கார்பன் மை படிந்த பழைய கூப்பன் புத்தகத்தில் இந்தக் குறிக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. எழுதிக் கொடுக்கும் ஊழியருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இன்று திருச்சியிலிருந்து பறக்கும் விமானங்களில் பெரும்பகுதி மலிவுக் கட்டண நிறுவனங்களுடையவை. அவற்றில் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணே பெரும்பாலும் கிடையாது. ஆறு எழுத்துப் பிஎன்ஆர் மட்டும்தான். எழுத்துக்குப் பதிலாக லைட், வேல்யூ, ஃப்ளெக்ஸ் என்று பெயர் சூட்டியிருப்பார்கள். உள்ளே விலைப்படிகளின் ஏணி அப்படியேதான் இருக்கிறது. வெளியில் தெரிவதில்லை, அவ்வளவே.

ஏணி இயங்கும் விதம்

கடைக்காரரின் திரையில் ஒரு விமானத்துக்கு எதிரே இப்படி ஒரு வரி வரும்: 'ஒய்9 பி9 எம்9 எச்4 கே0'. எழுத்துக்குப் பின்னால் உள்ள எண், அந்த விலையில் இன்னும் எத்தனை இருக்கை தருவார்கள் என்பது. ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. 'கே0' என்றால் மலிவான படி மூடியாயிற்று. "கீழ் கிளாஸ் போயிடுச்சு" என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த எண்களைக் கூட்டினால் விமானத்தின் காலி இருக்கைகள் வந்துவிடாது. படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. 'எச்'சில் நான்கு இருக்கிறது என்றால் அந்த நான்கும் 'எம்'மின் ஒன்பதுக்குள்ளும் இருக்கின்றன. மேல்படியில் விலை கொடுக்க ஒருவர் வந்தால் கீழ்ப்படிக்கு ஒதுக்கியதையும் எடுத்துக் கொடுப்பார்கள். கீழ்ப்படிக்காரருக்காக மேல்படி இருக்கையைத் தரமாட்டார்கள். எந்தப் படியை எப்போது மூடுவது, மறுபடி எப்போது திறப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் வருவாய்ப் பிரிவு அதை மேற்பார்க்கிறது. நேற்று மூடிய படி இன்று காலை திறந்திருக்கலாம். விலை ஏறிக்கொண்டே மட்டும் போகும் என்பது தப்பெண்ணம்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒரே சூளையில் சுட்ட சாமான்களைத் தரம் பிரிப்பார்கள். விரிசலோ மெருகில் குறையோ உள்ளது மலிவாகப் போகும், எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். விமானத்தில் பதினேழாம் வரிசை ஏ இருக்கைக்கும் பி இருக்கைக்கும் அப்படிப் பார்த்துச் சொல்ல ஒரு குறையும் இல்லை. வேறுபாடு முழுவதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

குடும்பமாகப் போகிறவர்கள் இந்த ஏணியில் ஏமாறும் விதம் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 'கே'யில் இரண்டு இருக்கை மிச்சம், நான்கு பேருக்குத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பல முன்பதிவுத் தளங்கள் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடமுள்ள படியைத்தான் எடுக்கும். அதாவது நால்வருக்கும் 'எச்' விலை. இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தேடினால் இருவருக்குக் 'கே', இருவருக்கு 'எச்'. விவரமான கடைக்காரர் இதைக் கேட்காமலே செய்வார். ஆனால் பிரித்து வாங்கினால் இரண்டு பிஎன்ஆர். விமானம் ரத்தாகி வேறு விமானத்தில் ஏற்றிவிடும்போது தாய் ஒன்றிலும் பிள்ளை ஒன்றிலும் போக நேரலாம். சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் பிரித்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

உம்ராவுக்கும் சுற்றுலாவுக்கும் ஆள் சேர்ப்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவுக்குத் தனிக் கட்டணம் பேசி, இருக்கைகளை மொத்தமாகப் பிடித்துவைத்து, பெயர்களைப் பின்னால் கொடுப்பார்கள். 'சீரிஸ் ஃபேர்' என்று தொழிலில் சொல்வது இதன் ஒரு வடிவம். இந்த இருக்கைகள் சில சமயம் தனிப் பயணிக்கும் விற்கப்படுகின்றன. விலை குறைவுதான், ஆனால் தேதி மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நிறுவனத்தின் தளத்தில் போய்க் கேட்டாலும் கடைக்காரரிடமே திருப்பி அனுப்புவார்கள்.

ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் கணினி நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கே எடை போடலாம். பத்து நிமிடத்தில் விலை ஏறுவது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. கடைசி இரண்டு 'கே' இருக்கைகளை வேறொருவர் வாங்கியிருந்தாலும் அதுவே நடக்கும். முதலில் காட்டியது சேமித்துவைத்த பழைய விலையாக இருந்தாலும் நடக்கும். ஏணி போதுமான விளக்கம் தரும்போது உளவு பார்த்தல் என்ற விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது

1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் ரயில்வே பற்றி எழுதியபோது ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது செலவை மிச்சப்படுத்த அல்ல. கூரை இருந்தால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார் என்பதால்தான் என்றார். ஏழையை நனையவிடுவது, வசதியுள்ளவரைப் பயமுறுத்த. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்கள் போன ரஜூலா, சிதம்பரம் கப்பல்களில் மேல்தளப் பயணிக்கும் அறைப் பயணிக்கும் இருந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. வெயிலும் உப்புக்காற்றும் அதைச் சொல்லின. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது.

விமானத்தின் எகானமிக்குள் கூரையை எடுக்க முடியாது. எனவே நிபந்தனைகளைக் கூரையின் இடத்தில் வைத்தார்கள். 1972இல் பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் ஓர் எளிய விதியைத் தந்தார். மலிவு விலை 12,000, உயர்ந்த விலை 30,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த இருக்கை பின்னால் 30,000க்குப் போக ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பிருந்தால், இப்போது வந்து நிற்பவருக்கு 12,000க்கு விற்காதே. கணக்கு அவ்வளவுதான், 12ஐ 30ஆல் வகுத்தால் வருவது அந்த ஐந்தில் இரண்டு. இரண்டு விலைகளுக்குச் சொன்ன இந்த விதியைப் பல படிகளுக்கு விரித்தவர் பீட்டர் பெலோபாபா. எம்ஐடியில் அவருடைய ஆய்வேடு 1987இல் வந்தது. நடுவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைத் தொழிலாக்கியது: 1977இல் சூப்பர் சேவர் என்ற மலிவுக் கட்டணம், 1978இல் அமெரிக்க அரசு கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கிய சட்டம், பிறகு பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனத்தை எதிர்த்து 1985 ஜனவரியில் அல்டிமேட் சூப்பர் சேவர்.

அந்தக் காலத்து மலிவுக் கட்டணங்களின் புகழ்பெற்ற நிபந்தனை, சனிக்கிழமை இரவு போன ஊரிலேயே தங்க வேண்டும் என்பது. வேடிக்கையாகத் தோன்றினாலும் மிகக் கூர்மையான வடிகட்டி அது. அலுவலக வேலையாகப் போகிற அமெரிக்க அதிகாரி வெள்ளிக்கிழமையே வீடு திரும்பத் துடிப்பார். டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது அவருடைய கம்பெனி. சுற்றுலாப் பயணிக்கோ சனிக்கிழமை இரவு தங்குவதுதான் பயணமே. அதிகாரி கடைசி நேரத்தில் வாங்குவார், விலையைப் பார்க்கமாட்டார். சுற்றுலாப் பயணி இரண்டு மாதம் முன்பே வாங்குவார், ஐந்து டாலருக்காக வேறு நிறுவனம் தேடுவார். மலிவு விலைக்காரர் முதலில் வருவார், உயர் விலைக்காரர் பின்னால் வருவார் என்று லிட்டில்வுட்டின் கணக்கு எடுத்துக்கொள்ளும் அனுமானம் இந்த இருவரையும் பார்த்து எழுந்தது. அவர்களைப் பொறுத்தவரை அது சரியும்கூட.

திருச்சி விமானத்தில் யார் ஏறுகிறார்கள்

இப்போது அந்த இருவரையும் துபாய்–திருச்சி விமானத்தில் தேடிப் பார்ப்போம். ஒருசிலர் இருக்கலாம். விமானத்தை நிரப்புவது வேறு மாதிரியான ஆள்: இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர், விடுப்பைத் தானே தீர்மானிக்க முடியாதவர், டிக்கெட்டுக்குத் தன் கையிலிருந்தோ ஊரில் வாங்கிய கடனிலிருந்தோ பணம் போடுகிறவர்.

முதலில் 'முன்கூட்டியே வாங்கு' என்ற நிபந்தனை. விடுப்புத் தேதி முதலாளியின் கையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் அனுமதியும் கைக்கு வந்தபிறகுதான் டிக்கெட் போடுவார். அதற்குள் கீழ்ப்படிகள் மூடியிருக்கும். அவர் தாமதமாக வாங்குவது கம்பெனிப் பணம் என்பதால் அல்ல, தேதி தன் வசம் இல்லை என்பதால். ஏணிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அடுத்து, போய்வரும் டிக்கெட்டைச் சுற்றிய விதிகள். முழுச்சேவை நிறுவனங்கள் பலவற்றில் ஒருவழிக் கட்டணம், போய்வரும் கட்டணத்தின் பாதியைவிடக் கணிசமாக அதிகம். வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்புகிறவர்தான் பயணி என்ற எண்ணம் அதில் ஊறியிருக்கிறது. ஒரு டிக்கெட்டின் ஆயுளோ வழக்கமாக அதிகபட்சம் ஓராண்டு. இரண்டாண்டுக்குப் போகிறவருக்குப் போய்வரும் டிக்கெட்டால் பயனில்லை. முதல் பயணமே ஒருவழிதான். வேலை விசாவில் போகிறவர்களுக்கென்று சில நிறுவனங்கள் தரும் 'லேபர் ஃபேர்' இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. கூடுதல் கிலோவும் உண்டு. கப்பல் பணியாளருக்குச் 'சீமேன் ஃபேர்' இருப்பது போன்றது இது. நிறுவனங்கள் மனம்வைத்தால் பயணியின் உண்மையான நிலைமையை ஒரு குறிக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று. விசாவைக் காட்டினால் கட்டணம் மாறுகிறது. வருவாயும் அதனால் அழிந்துவிடவில்லை.

மூன்றாவதும் முதன்மையானதுமான இடம், சாவு. ஊரில் தந்தை இறந்துவிட்டார் என்று போன் வருகிறது. இஸ்லாமியர் வீடென்றால் ஜனாஸா பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே நடந்துவிடும். மகனுக்காக நெடுநேரம் வைத்திருப்பதில்லை. மற்ற வீடுகளில் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு "தம்பி எந்த ஃப்ளைட்ல ஏறியிருக்கான்" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தத் தம்பி ஷார்ஜாவில் ஒரு ட்ராவல்ஸ் கடையில் நிற்கிறார். திரையில் 'ஒய்' மட்டும் திறந்திருக்கிறது, அல்லது மலிவு நிறுவனத்தின் உச்சப் படி. நேர் விமானம் நிரம்பியிருந்தால் கொழும்பு வழி. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பும் டிக்கெட்டை முதலாளி தருவார். இப்படி நடுவில் ஓடிவருவதற்கு வழக்கமாகச் சொந்தப் பணம். ஒரு மாதச் சம்பளம் ஒரு எழுத்துக்குப் போகிறது.

கணினிக்கு இவர் யார்? நாளை காலை கிளம்பியே ஆக வேண்டும், என்ன விலையானாலும் கொடுப்பார், திரும்பும் தேதி தெரியாது. 1985இன் அமெரிக்க அதிகாரியின் அங்க அடையாளங்கள் அத்தனையும் பொருந்துகின்றன. விலையைத் தாங்கும் திறனை நேரில் அளக்க வழியில்லாததால் நடத்தையை வைத்து ஊகிக்கிறது இந்த முறை. அவசரம், தாமதம், நெகிழ்வுத் தேவை ஆகிய மூன்றும் அதிகாரியிடம் செல்வத்தின் அறிகுறிகள். தொழிலாளியிடம் அதே மூன்றும் கதியற்ற நிலையின் அறிகுறிகள். பணக்காரரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுக்கிறது என்று பொருளியலார் இந்த முறைக்குத் தரும் நியாயம் இந்த வழித்தடத்தில் தலைகீழாகிவிடுகிறது. கோடை விடுமுறைக்கு ஆறு மாதம் முன்பே குடும்பத்தோடு டிக்கெட் போட்டுவைக்கும் மேலாளர் 'கே'யில் வருகிறார். அவருடைய அலுவலகத்தைத் துடைக்கிறவர் 'ஒய்'யில் வருகிறார்.

இதற்கென்றே வெளிநாட்டு நிறுவனங்கள் சில துக்கக் கட்டணம் வைத்திருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014இல் அதைக் கைவிட்டது. டெல்டாவும் ஏர் கனடாவும் தொடர்ந்தன. ஏர் கனடாவின் இணைய உரையாடல் மென்பொருள், பயணம் முடிந்தபிறகும் இந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பாட்டியை இழந்த ஒருவரிடம் தவறாகச் சொல்லிவிட, பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் சுமார் 650 கனேடிய டாலரை அவருக்குத் தரச் சொன்னது. உலகெங்கும் இந்த வழக்கு செயற்கை நுண்ணறிவின் பிழையாகவே பேசப்பட்டது. சாவுக்குப் போகிறவருக்குத் தனிக் கட்டணம் என்று ஒன்று இருந்ததே என்பது என்னைப் போன்றோருக்கு அதைவிடப் பெரிய செய்தி. இந்திய நிறுவனங்களின் சலுகைப் பட்டியலில் மூத்த குடிமக்களும் மாணவர்களும் படைவீரர்களும் இருக்கிறார்கள். மரணச் சான்றிதழுக்கு அங்கே இடமில்லை.

மறுதரப்பு

இதற்கெல்லாம் நிறுவனங்களுக்குப் பதில் உண்டு. எளிதில் தள்ளிவிடக்கூடிய பதிலுமல்ல. எல்லா இருக்கைக்கும் ஒரே விலை என்றால் அந்த விலை 12,000 ஆக இராது. நடுவில் எங்காவது நிற்கும். இன்று 12,000க்குப் போகிறவர்களில் பலர் போகவே முடியாது. கடைசி நேர இருக்கை காலியாகக் காத்திருப்பதும் அது விலையேறியிருப்பதால்தான். மலிவாக விற்றிருந்தால் நேற்றே தீர்ந்துபோயிருக்கும். சாவுச் செய்தி வந்தபோது 'ஒய்'யாவது திறந்திருந்ததே என்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அரசு உச்சவரம்பு விதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் அனுபவம் இருக்கிறது. கொரோனாவுக்குப்பின் 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, பயண நேரத்தை வைத்து ஏழு பிரிவுகளாகக் கட்டண வரம்பு வந்தது. டெல்லி–மும்பைக்குக் குறைந்தது 3,500, அதிகம் 10,000 ரூபாய். 2022 ஆகஸ்டு இறுதிவரை நீடித்த அந்த ஏற்பாட்டில் மேல்வரம்போடு கீழ்வரம்பும் இருந்தது. அதனால் மலிவான படிகளைத் திறப்பதே சட்டவிரோதமாயிற்று. பலவீனமான நிறுவனங்களுக்கு அது கவசம். பயணிக்குப் பாதி நன்மை. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று மறுபடியும் வரம்பு விதித்தார்கள். இரண்டும் உள்நாட்டுக்கு மட்டும், நெருக்கடிக்கு மட்டும். நமக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலி 2017இல் சிறு நகரங்களுக்கான உடான் விமானத் திட்டத்தின் முதல் சுற்றில் இடம்பெற்றது. பாதி இருக்கைகள் ஒருமணிப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்பதே அத்திட்டத்தின் வாக்குறுதி. நெய்வேலிக்கு விலை வரம்பு வந்தது, விமானம் வந்தபாடில்லை.

ரயில்வேயின் அனுபவம் இதைவிடப் பயனுள்ளது. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் பத்து விழுக்காடு இருக்கை விற்கும்தோறும் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும், அதிகபட்சம் ஒன்றரை மடங்கு என்று அறிவித்தார்கள். விமான ஏணியின் பிரதிதான் அது. ஆனால் படிகள் எத்தனை, ஒவ்வொன்றின் உயரம் என்ன, உச்சி எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வருவாய் கூடியது, பயணிகள் குறைந்தார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2018இல் குறை சொன்னார். ஆகவே அதைப் பொன்னான முன்மாதிரி என்று காட்ட வரவில்லை. படிகளை வெளியே சொல்லிவிட்டே ஏணியை நடத்தலாம் என்பதை மட்டும் அது காட்டுகிறது.

விமானத்துறையில் இதற்கு நிகராக இருப்பது, உள்நாட்டு வழித்தடங்களின் கட்டணப் பட்டியலை நிறுவனங்கள் தம் தளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி. இயக்குநரகத்தின் கட்டணக் கண்காணிப்புப் பிரிவு, விற்ற விலை அந்தப் பட்டியலின் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. வரம்பை விதிப்பது நிறுவனமே. தான் கிழித்த கோட்டைத் தான் தாண்டவில்லை என்று காட்டினால் போதும். எந்தப் படியில் எத்தனை இருக்கை விற்றது என்று யாரும் கேட்பதில்லை. 12,000 ரூபாய்ப் படியில் இரண்டே இருக்கை வைத்துவிட்டு 'பன்னிரண்டாயிரத்திலிருந்து' என்று விளம்பரம் செய்வதற்கு இதில் தடையேதுமில்லை.

எழுத்து இல்லாத கட்டணம்

ஆங்கில நெடுங்கணக்கில் இருப்பது 26 எழுத்து. அதற்குமேல் படி வைக்க முடியாது என்பது நிறுவனங்களுக்கு நெடுநாள் குறை. 2012இல் ஐயாட்டா என்டிசி என்ற புதிய விற்பனைத் தரத்தை ஏற்றது. அதன்வழி நிறுவனத்தின் கணினியே ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு விலையைத் தொகுத்துத் தரலாம். லுஃப்தான்சா போன்றவை இரண்டு எழுத்துகளுக்கு நடுவேயுள்ள விலைகளிலும் விற்கத் தொடங்கிவிட்டன. படி போய்ச் சரிவு வருகிறது.

இதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துமுறை எவ்வளவு குறையுள்ளதானாலும் அதில் ஒரு சாட்சி இருக்கிறது. இன்று ஒரு கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, கே போயிடுச்சு, எச்சுல நாலு இருக்கு" என்று சொல்ல முடியும். நேற்று வாங்கியவருக்கும் இன்று வாங்கியவருக்கும் ஏன் வேறு விலை என்பதற்கு அது கண்ணால் காணும் காரணம். பதினாறாம் பிரிவைத் திறந்து அபராதம் எவ்வளவு என்று படித்துக்காட்டவும் முடியும். சரிவில் அவரிடம் இருப்பது ஒரு தொகை மட்டும். அடுத்த நிமிடம் வேறொரு தொகை. உளவு பார்த்து விலை ஏற்றுகிறார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு அப்போது ஏணியைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. கண்காணிப்புப் பிரிவு எதை எதோடு ஒப்பிடும் என்பதும் தெளிவில்லை.

அதற்குள் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு வழித்தடத்திலும் ஒவ்வொரு படியிலும் விற்ற இருக்கைகளின் எண்ணிக்கையை, வளைகுடா, சிங்கப்பூர் வழித்தடங்களையும் சேர்த்து, மாதம் கழித்தாவது நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். வணிக ரகசியம் அந்த மாதத்தோடு பழசாகிவிடும். வேலை விசாவைக் காட்டுகிறவருக்கு ஒரு கட்டணம் இருக்க முடியுமென்றால், மரணச் சான்றிதழைப் பின்னால் சமர்ப்பிக்கிறவருக்கு உச்சப் படிக்கும் நடுப்படிக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தரும் ஒரு குறியும் இருக்க முடியும். அதற்கு ஒரு முன்பதிவு எழுத்துகூடப் புதிதாகத் தேவையில்லை. சரத்தின் கடைசியில் இரண்டு எழுத்து சேர்த்தால் போதும்.